புது நாஸ் வாங்குவதற்கு முன்னால்: கம்பெனி பேக்கப் பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கோவையில் பம்ப் உதிரிபாகம் வார்க்கும் கம்பெனி, 140 கம்ப்யூட்டர். ஒரு சர்வரில் எஸ்கியூஎல் டேட்டாபேஸில் ஓடும் ஈஆர்பி (இன்வாய்ஸ், டிஸ்பாட்ச் எல்லாம் நடக்கும் சாஃப்ட்வேர்), இன்னொன்றில் டேலியும் 4.5 டிபி ஃபைல் சர்வரும். ராத்திரி 11 மணிக்கு எல்லாம் அதே ரேக்கில் இருக்கும் நாஸுக்கு, அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய டிஸ்க் பெட்டிக்கு, காப்பியாகிறது. பக்கத்துப் பேட்டையில் ஒரு யூனிட்டை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) அடித்ததைக் கேள்விப்பட்ட எம்.டி., "நம்ம பேக்கப்பை ஸ்ட்ராங் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டார். வெண்டர் இரண்டு மடங்கு பெரிய நாஸுக்கும் ஒரு பேக்கப் சாஃப்ட்வேருக்கும் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா, இதைவிட நல்ல சாஃப்ட்வேர் இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

எம்.டி. உண்மையில் கேட்பது வேறு இரண்டு. நாளைக் காலை எல்லாம் போய்விட்டால் எத்தனை மணி நேரத்தில் வேலை ஆரம்பிக்கலாம்? உள்ளே புகுந்தவன் பேக்கப்பையும் சேர்த்து அழித்துவிட்டுப் போக முடியுமா? அந்தக் கொட்டேஷனில் இந்த இரண்டுக்குமே பதில் இல்லை. அதனால் சாஃப்ட்வேர் பெயர்களைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 18 வருடமாக ஸ்டோரேஜும் பேக்கப்பும்தான் பிழைப்பு. டேப் லைப்ரரியில் ராத்திரி ஷிப்டில் கேட்ரிட்ஜ் மாற்றும் ஆளாக ஆரம்பித்து, இப்போது உங்களைப் போன்ற நடுத்தரக் கம்பெனிகளுக்கு வேலை செய்கிறேன். விண்டோஸ், எஸ்கியூஎல், விஎம் (வெர்ச்சுவல் மெஷின்), நாஸ் விஷயங்களில் உறுதியாகச் சொல்வேன். சட்டம் பற்றிக் கீழே எழுதியிருப்பது உங்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியதை நினைவுபடுத்தும் அளவுக்குத்தான்.

முதல் வேலைக்குக் காசு செலவில்லை. நாளைக்கே ஒரு ரீஸ்டோர் செய்து பாருங்கள். மூலையில் கிடக்கும் ஒரு டெஸ்க்டாப்பில் எஸ்கியூஎல் எக்ஸ்பிரஸோ டெவலப்பர் எடிஷனோ போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸில் டேட்டாபேஸ் அளவுக்கு வரம்பு உண்டு, பெரிய ஈஆர்பி என்றால் டெவலப்பர்தான் சரி. நேற்றைய ஈஆர்பி பேக்கப்பை நாஸிலிருந்து எடுத்து அதில் ஏற்றி, நேற்று மாலை போட்ட கடைசி இன்வாய்ஸ் நம்பர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூன்று வாரத்துக்கு முந்தைய ஒரு எக்செல் ஃபைலைக் கேளுங்கள். இன்றைய ஃபைல் கிடைப்பது பெரிதில்லை. மூன்று வாரத்துக்கு முந்தையது, அதாவது யாரோ தப்பாகத் திருத்திச் சேமிப்பதற்கு முந்தைய வடிவம், கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கையில் ஒரு கடிகாரம் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு நூற்பாலையில் சர்வர் டிஸ்க் போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். ஐடி பையன் பதற்றமே இல்லாமல் இருந்தான். தினமும் காலை 6 மணிக்கு "ஜாப் சக்ஸஸ்" என்று வந்த மெயில்களைக் காட்டினான், பச்சை டிக் வரிசையாக. நான் ஒரு மெயிலைத் திறந்தேன்: 41.3 ஜிபி. முந்தின நாள்: 41.3 ஜிபி. போன மாதம், தீபாவளிக்கு முன்னால், ஆடி மாதம், எல்லாம் 41.3. வளராத ஆலைக் கணக்கு எங்கேயாவது உண்டா? 11 மாதத்துக்கு முன்னால் ஈஆர்பி டேட்டாவைப் பழைய ஈ டிரைவிலிருந்து புது எஃப் டிரைவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பேக்கப் ஜாபை யாரும் மாற்றவில்லை. பழைய ஃபோல்டர் அழிக்கப்படாமல் அப்படியே இருந்ததால் ஜாபும் குறையில்லாமல் தினமும் அதே பிணத்தைக் காப்பி எடுத்து "சக்ஸஸ்" என்று மெயில் போட்டுக்கொண்டிருந்தது. மெயிலில் பொய் ஏதும் இல்லை. சொன்ன வேலையை அது செய்தது.

அந்த ஆலை கொஞ்சமாவது பிழைத்தது கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்காவால். யாரும் சொல்லாமலே வாராவாரம் சனிக்கிழமை டேலி பேக்கப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து, பீரோ சாவிக்கொத்தில் மாட்டி வீட்டுக்குக் கொண்டுபோவார். ஆயுத பூஜைக்குப் போட்ட சந்தனப் பொட்டு அதில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈஆர்பி போனது போனதுதான், ஆனால் நிலுவைப் பட்டியலாவது கைக்கு வந்தது. அன்றிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பேக்கப் ரிப்போர்ட்டில் டிக் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அளவு மாறுகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

சின்னக் கம்பெனிதானே என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராமர்கள் கோட் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் இரவு நேரத்தில் டேட்டாபேஸ் பிரச்சினை ஒன்றைச் சரிசெய்யப் போய், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் சுமார் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப், ரெப்ளிகேஷன் (இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் காப்பி) என்று ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தினசரி டேட்டாபேஸ் பேக்கப்பில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேரின் பதிப்பு பொருந்தாமல் ஜாப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்ல வந்த மெயில்களும், சரியாகக் கையொப்பமிடப்படாததால், மெயில் சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கின்றன. ஆறு மணி நேரத்துக்கு முன்னால் அதே இன்ஜினியர் வேறு காரியத்துக்காகக் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டிஸ்க் நிலையின் பதிவு) இருந்ததால் தப்பித்தார்கள். இதையெல்லாம் அவர்களே மறைக்காமல் எழுதி வெளியிட்டார்கள். மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். அந்த நேர்மைக்காக எனக்கு அவர்கள் மேல் இன்றும் மரியாதை உண்டு. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: "ஃபெயில் ஆனால் மெயில் வரும்" என்ற ஏற்பாட்டை நம்பாதீர்கள். "தினமும் மெயில் வர வேண்டும், வராவிட்டால் ஒருவர் போன் எடுக்க வேண்டும்" என்று மாற்றுங்கள்.

அடுத்தது எம்.டி.யோடு உட்கார்ந்து பேச வேண்டியது. புத்தகத்தில் ஆர்பிஓ, ஆர்டிஓ என்று இருக்கும். அந்த எழுத்துகளை அவரிடம் சொல்லாதீர்கள். "சார், எத்தனை மணி நேரத்து பில்லைத் திரும்ப டைப் பண்ண நம்மால் முடியும்?" என்று கேளுங்கள், அதுதான் முதலாவது. "எத்தனை நாள் டிஸ்பாட்ச் நின்றால் தாங்குவோம்?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எல்லாரும் யோசிக்காமல் "ஒரு பில் கூடப் போகக் கூடாது" என்பார்கள். அதற்கு ஆகும் செலவைச் சொன்னதும் "சரி, அரை நாள்" என்று இறங்குவார்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் அமைதியாகிவிடுவார்கள். ஈஆர்பி இல்லாமல் இன்வாய்ஸ் இல்லை, இன்வாய்ஸ் இல்லாமல் இ-வே பில் இல்லை, இ-வே பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்டாது. ஃபவுண்டரியில் உலை எரிந்துகொண்டிருக்கும், சரக்கு குவிந்துகொண்டிருக்கும்.

பேக்கப் இருந்தும் நாள்கணக்கில் நிற்க முடியும் என்பதற்கு டெல்லி எய்ம்ஸ் உதாரணம். 2022 நவம்பர் 23 அன்று அங்கே ரான்சம்வேர் தாக்கியது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிட்டல் தரவை மீட்டு விட்டார்கள். ஆனாலும் புறநோயாளிப் பதிவு, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதித்தான் நடந்தன. டேட்டா கையில் இருப்பது ஒன்று. அதை ஏற்றச் சுத்தமான சர்வர், சுத்தமான நெட்வொர்க், ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்த்து முடிக்கும் ஆள், இதெல்லாம் வேறு கணக்கு.

உங்கள் அளவுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். க்ளவுடில் மட்டும் பேக்கப் வைத்திருக்கிறீர்கள், ஆபீஸ் லைன் 100 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். விநாடிக்கு 12.5 எம்பி, அதுவும் லைன் முழுவதும் உங்களுக்கே கிடைத்தால். 4.5 டிபி இறங்க 100 மணி நேரம், நாலு நாளுக்கு மேல். உள்ளூர் நாஸிலிருந்து ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் இதுவே 10 மணி நேரம். காகிதத்தில்தான் பத்து, சின்னச் சின்ன டிராயிங் ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் அதற்கு இரண்டு மூன்று மடங்கு ஆவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உள்ளூர்க் காப்பி வேண்டும், வேகத்துக்காக. வெளியூர்க் காப்பியும் வேண்டும், தீ, வெள்ளம், திருட்டுக்காக. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் காப்பாற்ற முயலாதீர்கள். ஈஆர்பி டேட்டாபேஸ் பெரும்பாலும் 100 ஜிபிக்குள் இருக்கும். அது முதலில் ஏறட்டும். 2014-இல் எடுத்த கண்காட்சி போட்டோக்கள் அடுத்த வாரம் வரட்டும்.

இப்போது ரான்சம்வேருக்கு வருகிறேன். உங்கள் இப்போதைய அமைப்பு எங்கே உடையும் என்பது இங்கேதான் தெரியும். வைரஸ் ஒரு மெயிலில் வந்து, கிளிக் செய்ததும் எல்லாம் பூட்டிக்கொள்ளும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கம்பெனிகளை அடிப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஒரே கிளிக்கோடு முடிப்பதில்லை. ரிமோட் டெஸ்க்டாப்பை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருப்பீர்கள், ஈஆர்பி சப்போர்ட்காரருக்காக. அல்லது விபிஎன்னுக்கு (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் வழி) ஓடிபி போட்டிருக்க மாட்டீர்கள். அந்த வழியில் ஒருவன் வந்து சத்தமில்லாமல் சில நாள் சுற்றுவான். டொமைன் அட்மின் பாஸ்வேர்டை, அதாவது ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் திறக்கும் பொதுச் சாவியை, கண்டுபிடிப்பான். அப்புறம் அவன் தேடுவது பேக்கப்பைத்தான். விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் பழைய நிலைகளான ஷேடோ காப்பிகளை ஒரே கட்டளையில் அழிப்பான். பேக்கப் சர்வரில் லாகின் செய்து ஜாப்களை நீக்குவான். நாஸின் அட்மின் பக்கத்தைத் திறந்து வால்யூமையே ஃபார்மேட் செய்வான். இதெல்லாம் முடிந்த பிறகு, சனிக்கிழமை இரவோ பொங்கல் விடுமுறையிலோ, பூட்டும் வேலையை ஆரம்பிப்பான்.

உங்கள் நாஸ் டொமைனில் சேர்ந்திருக்கிறதா? அதன் அட்மின் பாஸ்வேர்டும் சர்வர் பாஸ்வேர்டும் ஒன்றா? சர்வரில் அது இசட் டிரைவ் என்று மேப் ஆகியிருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் கூட, சர்வர் விழும் அதே நிமிடத்தில் நாஸும் விழும். இரண்டு மடங்கு பெரிய நாஸ் வாங்கினால் இரண்டு மடங்கு பெரிய நாஸ் விழும். டொமைனில் இல்லாவிட்டாலும் அதை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கக் கூடாது. 2021-இல் கியூலாக்கர், 2022-இல் டெட்போல்ட் என்று கியூநாப் நாஸ் பெட்டிகளையே குறிவைத்த ரான்சம்வேர்கள் வந்தன. வீட்டிலிருந்து ஃபைல் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பேக்கப் சர்வர் டொமைனுக்கு வெளியே இருக்கட்டும். அதற்கென்று தனி யூசர், தனி பாஸ்வேர்ட், ஓடிபி. சர்வர்கள் நாஸில் போய் எழுதுவதற்குப் பதில், பேக்கப் சர்வர் வந்து அவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும். அப்போது விழுந்த சர்வரில் நாஸின் சாவி இருக்காது. பேக்கப் சாஃப்ட்வேரையும் அப்டேட் செய்துகொண்டே இருங்கள். வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேரில் 2024-இல் வெளிவந்த ஒரு ஓட்டையை ரான்சம்வேர்க்காரர்கள் பயன்படுத்தினார்கள், பேட்ச் வந்த பிறகும் போடாதவர்களிடம்.

இத்தனை செய்தாலும் ஒரு காப்பி யாராலும், உங்களாலும்கூட, அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். அதற்குப் பல வழி உண்டு. அமேசான் எஸ்3 போன்ற க்ளவுட் ஸ்டோரேஜில் ஆப்ஜெக்ட் லாக் என்ற வசதி இருக்கிறது. அதில் கவர்னன்ஸ், கம்ப்ளையன்ஸ் என்று இரண்டு முறை. கவர்னன்ஸில் தனி அனுமதி உள்ளவர் பூட்டைத் தாண்டலாம். கம்ப்ளையன்ஸில் குறித்த நாள் முடியும்வரை அக்கவுன்டின் தலைமை யூசராலும் அழிக்க முடியாது. அதனாலேயே முதல் முறை 30 நாள் என்று போடுங்கள். அவசரத்தில் 10 வருடம் என்று போட்டுவிட்டால் 10 வருடமும் பில் வரும். டேப் இன்னொரு வழி. பழசு என்று சிரிக்கிறார்கள், ஆனால் எல்டிஓ-9 கேட்ரிட்ஜ் ஒன்றில் சுருக்காமலே 18 டிபி பிடிக்கும், அலமாரியில் இருக்கும் கேட்ரிட்ஜை எந்த ஹேக்கரும் தொட முடியாது. டிரைவ் விலைதான் உங்கள் அளவுக்குக் கட்டுப்படியாகாது. மூன்றாவது வழி ஏழைக்கேற்ற எள்ளுருண்டை. மூன்று யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், வாரம் ஒன்று. காப்பி முடிந்ததும் கழற்றி வெளியே கொண்டுபோங்கள். கழற்றுவதுதான் முக்கியம். மூன்றையும் சர்வருக்குப் பின்னால் செருகியே வைத்திருந்த கம்பெனியை நான் பார்த்திருக்கிறேன், மூன்றும் பூட்டப்பட்டிருந்தன.

கழற்றிய காப்பியின் அருமைக்கு மெர்ஸ்க் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது அந்தக் கப்பல் கம்பெனியின் 150-க்கு நெருக்கமான டொமைன் கன்ட்ரோலர்கள் (யார் லாகின் செய்யலாம் என்று சரிபார்க்கும் சர்வர்கள்) உலகம் முழுவதும் ஒன்றாக அழிந்தன. ஒவ்வொன்றும் மற்றதற்குக் காப்பி என்று இருந்ததால் தனியாகப் பேக்கப் எடுத்துவைக்கவில்லை. கானா நாட்டில் ஒன்று மட்டும் தப்பியது. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு டிஸ்க்கை ஆள் கையில் கொடுத்து விமானத்தில் ஏற்றி, நைஜீரியா வழியாக இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரைப் புதிதாக நிறுவினார்கள் என்று அதன் தலைவரே மறு வருடம் டாவோஸில் சொன்னார். நம் ஊர் கரண்ட் கட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். உங்களுக்கு இதில் நேரடியாக ஒரு வேலை இருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரிக்கு, அதாவது டொமைன் கன்ட்ரோலரில் இருக்கும் யூசர், பாஸ்வேர்ட் பட்டியலுக்கு, தனியாகப் பேக்கப் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஜாப் பட்டியலில் அது இல்லை.

வெளியூர்க் காப்பி பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்து, அரசு ஊழியர்கள் ஃபைல் வைத்திருந்த ஜி-டிரைவ் 858 டிபியோடு போய்விட்டது. வேறெங்கும் காப்பி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் பார்த்தவர்களிடம் கீழ்த்தளத்தில் சர்வரும் யூபிஎஸ்ஸும் வைக்கலாமா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் ரேக் உலைக்கூடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

க்ளவுடில் வைத்தாலும் ஒரே அக்கவுன்டில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற கம்பெனியின் அமேசான் கன்ட்ரோல் பேனலுக்குள் புகுந்த ஒருவன் சர்வர்களையும் பேக்கப்களையும் அங்கேயே அழித்தான். சில நாளில் கம்பெனியே மூடப்பட்டது. இதற்கு எதிர்ப்பக்கம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதி. 2024 மே மாதம் கூகுள் க்ளவுடில் அவர்களுடைய தனிப் பகுதி முழுவதும், இரண்டு இடத்திலும், தவறுதலாக நீக்கப்பட்டது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் ஒரு வாரத்துக்கு மேல் தவித்தார்கள். இன்னொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப்பும் சேர்ந்துதான் அவர்களைக் காப்பாற்றியது.

பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வேறு சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரெய்ட் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுவது) பேக்கப் கிடையாது. ஒரு டிஸ்க் போனால் வேலை நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. தப்பாக அழித்த ஃபைலை எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காக அழிக்கும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் சிங்க்கும் அப்படித்தான். பூட்டப்பட்ட ஃபைல் சுறுசுறுப்பாக க்ளவுடுக்கும் ஏறும். பழைய வெர்ஷனுக்குப் போகும் வசதி அதில் உண்டு, மறுக்கவில்லை, ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. ஷேர்பாயின்ட் ரீசைக்கிள் பின்னில் 93 நாள். கூகுள் வொர்க்ஸ்பேஸில் டிராஷ் காலியான பிறகு அட்மின் மீட்க 25 நாள். வேலையை விட்டுப்போன ஆளின் அக்கவுன்டை நீக்கிவிட்டால் 20 நாள். கஸ்டமர் தகராறு ஆறு மாதம் கழித்துத்தான் வரும், அப்போது அந்த மெயில் இருக்காது.

டேட்டாபேஸ் விஷயத்தில் உங்களிடம் ஒரு தவறு கண்டிப்பாக இருக்கிறது. இரவு ஸ்கிரிப்ட் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே காப்பி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூஎல் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும். காப்பி நடக்காது, அல்லது பாதி எழுதிய நிலையில் ஒன்று கிடைக்கும். எஸ்கியூஎல்லின் சொந்த பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். தினம் ஒரு ஃபுல் பேக்கப், வேலை நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் (நடந்த மாற்றங்களின் பதிவு மட்டும்). அப்போது மதியம் 3.10-க்கு யாரோ ஒரு டேபிளை அழித்தால் 3.09-க்குத் திரும்பலாம். இதற்கு எஸ்கியூஎல்லில் ரெகவரி மாடல் என்ற செட்டிங் ஃபுல் என்று இருக்க வேண்டும். ஃபுல்லில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் லாக் ஃபைல் டிஸ்க் நிறையும்வரை வளரும். அப்போது யாராவது நெட்டில் பார்த்து சிம்பிளுக்கு மாற்றிவிடுவார்கள், அதில் லாக் பேக்கப்பே எடுக்க முடியாது. உங்கள் சர்வரில் யாரோ ஏற்கெனவே மாற்றியிருக்கலாம், பாருங்கள். பேக்கப் முடிந்ததும் "வெரிஃபை" ஓடியது என்பதை நம்ப வேண்டாம். பேக்கப் ஃபைலைப் படிக்க முடிகிறது என்பதைத்தான் அது சொல்லும். உள்ளே இருக்கும் டேட்டா சரியா என்பது ரீஸ்டோர் செய்து செக்டிபி என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினால்தான் தெரியும். டேலிக்கு இவ்வளவு தொல்லை இல்லை. எல்லாரும் வெளியே வந்த பிறகு அதன் சொந்த பேக்கப்பை எடுங்கள், ஆள் உள்ளே இருக்கும்போது ஃபோல்டரை இழுத்துப் போடாதீர்கள்.

பேக்கப்பை என்கிரிப்ட் செய்ய வேண்டும், குறிப்பாகக் கட்டடத்தை விட்டு வெளியே போவதை. ஆனால் அந்த பாஸ்வேர்டை அதே ஃபைல் சர்வரில் "பாஸ்வேர்ட்ஸ்" என்ற எக்செல்லில் வைத்திருப்பார்கள். வீடு பூட்டிச் சாவியை உள்ளே போட்ட கதை. பேப்பரில் எழுதி உறையில் ஒட்டி எம்.டி. லாக்கரில் ஒன்று, இன்னொருவரிடம் ஒன்று. அதோடு ஈஆர்பி இன்ஸ்டால் செய்யும் ஃபைல்கள், லைசென்ஸ் கீ, ஃபயர்வால் கான்ஃபிகரேஷன், பத்து போன் நம்பர் எழுதிய ஒரு தாள். ஒரு கம்பெனியில் டேட்டா முழுசாகத் திரும்பி வந்தும் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஈஆர்பியின் பழைய வெர்ஷன் இன்ஸ்டாலர் யாரிடமும் இல்லை, செய்து கொடுத்தவர் துபாய்க்குப் போய்விட்டார்.

எத்தனை நாள் வைத்திருப்பது? தாத்தா, அப்பா, பிள்ளை என்று எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தினசரி 14, வாராந்திரம் 8, மாதாந்திரம் 12 என்று ஆரம்பியுங்கள், கணக்குக்கு மட்டும் வருடக் காப்பிகள். சும்மா சொல்லவில்லை. கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும். எலக்ட்ரானிக் கணக்கின் பேக்கப்பை தினசரி, இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும் என்று 2022-இல் விதி திருத்தப்பட்டது. பிரைவேட் லிமிடெட் என்றால் உங்களுக்கு இது பொருந்தும், பார்ட்னர்ஷிப் என்றால் ஆடிட்டரிடம் கேளுங்கள். க்ளவுட் வாங்கும்போது மும்பை அல்லது ஹைதராபாத் ரீஜனைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம். தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (சர்வர் நடவடிக்கைப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அதே 2022-இல் ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு. ஊழியர், வாடிக்கையாளர் விவரங்களைச் சரியாகப் பாதுகாக்கத் தவறினால் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்கள் அளவுக் கம்பெனிக்கு எவ்வளவு விதிப்பார்கள் என்று இப்போதே பயமுறுத்தும் வெண்டரை நம்பாதீர்கள்.

சட்டம் தவிர, இதுவரை சொன்னதில் நான் அசைய மாட்டேன். இனிச் சொல்வது என் அபிப்பிராயம், வேறு அனுபவசாலி வேறு மாதிரி சொல்லலாம். வெண்டர் கொட்டேஷனில் இருக்கும் "ஏஐ ரான்சம்வேர் டிடெக்ஷன்" தனிப்பட்ட முறையில் எனக்குத் தேவையாகப் படவில்லை. உங்களிடம் இன்னும் விபிஎன்னுக்கு ஓடிபி இல்லை, அந்தப் பணம் முதலில் அங்கே போகட்டும். சாஃப்ட்வேரில் வீம், அக்ரோனிஸ், நாக்கிவோ எதுவானாலும் உங்கள் அளவுக்கு ஓடும். கோவையில் இரவு 2 மணிக்கு போன் எடுக்கும் சப்போர்ட் ஆள் யாரிடம் இருக்கிறார் என்பதை வைத்து முடிவு செய்வேன். விஎம் ஸ்னாப்ஷாட்களை அப்கிரேடுக்கு முன்னால் எடுத்து இரண்டு நாளில் நீக்கிவிடுவது என் பழக்கம். பணம் கொடுத்துச் சாவி வாங்கலாமா என்று கேட்பார்கள். கொடுத்தும் முழுசாகத் திரும்பாமல் போனதை நேரில் பார்த்ததால் நான் வேண்டாம் என்பேன், ஆனால் கம்பெனியே மூடும் நிலையில் இருக்கும் ஒருவருக்கு உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

கொட்டேஷனுக்கு வருகிறேன். பெரிய நாஸ் வேண்டாம், இப்போது இருப்பதே இரண்டு வருடம் தாங்கும். அந்தப் பணத்தில் டொமைனுக்கு வெளியே ஒரு சின்ன பேக்கப் சர்வர், மூன்று யூஎஸ்பி டிஸ்க், ஈஆர்பிக்கும் கணக்குக்கும் மட்டும் ஆப்ஜெக்ட் லாக் போட்ட க்ளவுட் இடம், விபிஎன்னுக்கு ஓடிபி, இவ்வளவும் அடங்கும். வெண்டரிடம் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். காலி மெஷின் ஒன்றைக் கொடுத்து, அவர் ஆளே உங்கள் கண்முன்னால் ஈஆர்பியை அதில் மீட்டு, ஒரு இன்வாய்ஸ் பிரின்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை. நல்ல வெண்டர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார். அந்த டெமோவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே திரும்பச் செய்யுங்கள், வேறு ஆளை வைத்து. நீங்கள் லீவில் இருக்கும் நாளில்தான் எல்லாம் நடக்கும்.

ஈஆர்பி என்ன, எந்த வெர்ஷன் என்று நீங்கள் எழுதவில்லை. எஸ்கியூஎல் ரெகவரி மாடல் எதில் இருக்கிறது, நாஸ் டொமைனில் சேர்ந்திருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்து இதற்குக் கீழே எழுதுங்கள். டெஸ்க்டாப்பில் ரீஸ்டோர் செய்து பார்த்தீர்கள் என்றால் ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், உள்ளே இருந்த கடைசி இன்வாய்ஸின் தேதி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். அதை வைத்து லாக் பேக்கப் இடைவெளியை எவ்வளவு வைப்பது என்று சொல்கிறேன்.